முன் பாக்கெட்டில் வைக்கும் பிஸ்டலுக்கு எந்தக் காலிபர்?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் சொந்தக் கடை நடத்துகிறார், வயது 52, கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு அன்றைய வசூலோடு கார் வரை நடக்க வேண்டும். பெல்ட்டில் மாட்டுவது அவருக்கு ஒத்துவரவில்லை, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்குகிற வேலை, அதனால் பேன்ட்டின் முன் பாக்கெட்டில் அடங்குகிற சின்னப் பிஸ்டல் வேண்டுமாம். துப்பாக்கிக் கடைக்காரர் 9 எம்எம்முக்குக் கீழே எல்லாமே பொம்மை என்கிறார். நண்பர் ஒருவர் .22 போதும் என்கிறார். ஊரில் மாமா வைத்திருந்தது .32. காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, எதை எடுப்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முன் பாக்கெட்தான் என்பதில் உறுதியாக இருந்தால் .380 எடுங்கள். கை மூட்டில் வலி, ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கிற பிஸ்டலின் மேல்பகுதி) இழுக்கச் சிரமம் என்றால் .32 அல்லது .22. இடுப்புக்கு மாறச் சம்மதம் என்றால் மட்டும் 9 எம்எம். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் காலிபரிலிருந்து ஆரம்பிக்கிறார், அங்கேதான் தப்பு. பாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஜீன்ஸின் முன் பாக்கெட்டில் கை நுழைந்து வர இவ்வளவுதான் இடம் என்று ஒன்று இருக்கிறது, துணி இழுபடாமல் தாங்குகிற எடை என்று ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் வெறும் துப்பாக்கி 300 கிராம் வரை இருந்தால் காலை போட்டதை மதியம் மறந்துவிடலாம், 400 கிராம் என்றால் நல்ல கெட்டித் துணி வேண்டும், 500 கிராமைத் தொட்டால் நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரத்தில் அது காரின் டேஷ்போர்டுக்குப் போய்விடும், பிறகு வீட்டு அலமாரிக்கு. ஆக பாக்கெட் எடையைத் தீர்மானிக்கிறது. எடை உதையைத் தீர்மானிக்கிறது. உதையைப் பொறுத்துத்தான் இரண்டாவது தோட்டா எங்கே போகும் என்பது.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவு. .380 ஏசிபியும் (.380இன் முழுப்பெயர்) 9 எம்எம்மும் விட்டத்தில் ஒன்றேதான், இரண்டிலும் குண்டு 0.355 அங்குலம். வித்தியாசம் பின்னால் இருக்கிற பித்தளைக் கூட்டில். ஒன்று 17 மில்லிமீட்டர், இன்னொன்று 19. அழுத்த வரம்பு .380க்கு 21,500 பிஎஸ்ஐ, 9 எம்எம்முக்கு 35,000. சின்னக் குழலிலிருந்து .380இன் 95 கிரெயின் குண்டு (சுமார் 6.2 கிராம்) வினாடிக்கு 850 அடி வேகத்தில் போகிறது என்று வையுங்கள், 9 எம்எம்மின் 115 கிரெயின் குண்டு (சுமார் 7.5 கிராம்) 1,050 அடி. பெருக்கிப் பாருங்கள், 9 எம்எம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரே எடைத் துப்பாக்கி என்றால் கையில் வந்து சேரும் உதையின் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் எல்லாத் துப்பாக்கியும் ஒரே எடையா? ரூகர் எல்சிபி .380, 2008இல் வந்தது, தோட்டா இல்லாமல் சுமார் 266 கிராம். சிக் பி365, 9 எம்எம், 2018இல் வந்தது, சுமார் 505 கிராம். எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 9 எம்எம் பி365 உங்கள் கைக்குள் பின்னால் வருகிற வேகம் .380 எல்சிபியைவிடக் குறைவுதான். புதிதாக வருபவர்கள் யாரும் இதை நம்புவதில்லை, இரண்டையும் சுட்டுப் பார்த்தபிறகு சிரிப்பார்கள். "9 எம்எம் பாக்கெட் பிஸ்டல்" என்று விற்கப்படுபவை இரண்டு சாதி என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சுடுவதற்கு நன்றாக இருப்பவை பாக்கெட்டுக்குக் கனம், பாக்கெட்டுக்கு லேசாக இருப்பவை கைக்குத் தண்டனை.

நான் வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். போன வருஷம் ஒருவர் வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும், நல்ல உடல்வாகு. கையில் புத்தம்புதிய மைக்ரோ 9 எம்எம், 350 கிராம்கூட இருக்காது. ஏழு கெஜத்தில் காகிதம். முதல் குண்டு நடுவட்டத்தின் ஓரத்தில். இரண்டாவது கீழே இடப்பக்கம். மூன்றாவது அதற்கும் கீழே. வலக்கைக்காரருக்கு இப்படிக் கீழே இடப்பக்கமாக இறங்கிக்கொண்டே போனால், உதை வரப்போகிறதே என்று கை முன்கூட்டியே குனிகிறது என்று அர்த்தம். இரண்டாவது மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) முடிந்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை மிளகாய் அரைத்த கைபோலச் சிவந்திருந்தது, பெட்டியில் பாதித் தோட்டா மிச்சம், "இன்னைக்கு இது போதும் சார்" என்று மூடிவைத்துவிட்டார். என்னுடைய .380ஐக் கொடுத்தேன். அதுவும் சுகமாக இருக்காது, ஆனால் ஆறில் ஐந்தை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் போட்டார். ஒரு பெட்டி தோட்டா தீர்க்க மனசு வராத துப்பாக்கியில் யாரும் பயிற்சி எடுக்கமாட்டார்கள்.

சரி, சின்னக் குண்டு வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருவோம். கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியும் என்பதெல்லாம் சினிமா. சுடுபவர் கைக்கு வருகிற தள்ளுதான் எதிரே இருப்பவருக்கும் போகும், உங்களை அது சாய்க்கவில்லை என்றால் அவரையும் சாய்க்காது. பலர் வலியிலோ பயத்திலோ ஓடிவிடுகிறார்கள், அது எந்தக் காலிபரிலும் நடக்கும். ஓடாதவரை நிறுத்துவது குண்டு எங்கே, எவ்வளவு ஆழம் போனது என்பதுதான்.

ஆழம் என்பது ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு நாள் இருக்கிறது, 1986 ஏப்ரல் 11. மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை. ஆரம்பத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள) குண்டு, இதயத்தைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம். அதற்கப்புறம்தான் எஃப்பிஐ ஜெலட்டின் சோதனையை வகுத்தது. தசைக்கு நிகராகக் காய்ச்சிய ஜெலட்டின் கட்டியில், துணி மூடியும் மூடாமலும் சுட்டு, குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மனித மார்பு 12 அங்குலம் இல்லையே என்று கேட்பார்கள். நடுவில் கை குறுக்கே வரும், ஆள் பக்கவாட்டில் நிற்பான், எலும்பு வரும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. குண்டுத் தயாரிப்பு முன்னேறியதும் அதே எஃப்பிஐ பத்து எம்எம், .40 என்று சுற்றிவிட்டு 2014இல் மறுபடி 9 எம்எம்முக்கே சாதகமாக எழுதியது தனிக்கதை.

.380இன் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது, விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். ஹாலோ பாயிண்ட் குண்டு முனையில் குழியோடு இருக்கும், உள்ளே போனதும் பூப்போல விரியும், விரிந்தால் காயம் அகலம். ஆனால் விரிவதற்கும் ஆழம் போவதற்கும் ஒரே ஆற்றலிலிருந்துதான் செலவு. 9 எம்எம்மிடம் இரண்டுக்கும் போதுமான கையிருப்பு இருக்கிறது. 2.75 அங்குலக் குழலிலிருந்து வருகிற .380இடம் இல்லை. நன்றாக விரிகிற குண்டு பெரும்பாலும் 9, 10 அங்குலத்தில் நின்றுவிடும், ஆழம் போகிறது சரியாக விரிந்திருக்காது, சில நேரம் ஜீன்ஸ் துணி குழிக்குள் அடைத்துக்கொண்டு விரியவே விரியாது. முழுக்கச் செம்பு உறையிட்ட உருண்டைமுனைக் குண்டோ 18ஐயும் தாண்டிப் போகும். நான் என்ன போடுகிறேன் என்றால், நிதானமாக விரிந்து ஆழத்தை விட்டுக்கொடுக்காத ஹார்னடி 90 கிரெயின் எக்ஸ்டிபி, சின்னக் குழலில்கூட 12 அங்குலப் பக்கம் வந்து நிற்கிற சில .380 குண்டுகளில் அது ஒன்று. அது கிடைக்காத காலத்தில் தட்டைமுனை உறைக்குண்டு போட்டிருக்கிறேன், வருத்தம் ஒன்றும் இல்லை. அதிவேகம், அதிலேசு என்று பெட்டியில் மின்னல் படம் போட்டு விற்கிற .380 குண்டுகளை மட்டும் வாங்காதீர்கள், லேசான குண்டு மேலோட்டமாகப் பெரிய குழி பறித்துவிட்டு நின்றுவிடும்.

.32 ஏசிபி 1899இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. ஐரோப்பாவில் பல நாட்டுப் போலீஸ் பல பத்தாண்டுகள் இதைத்தான் வைத்திருந்தது, அமெரிக்காவில்தான் இதைக் கேலி செய்வார்கள். 71, 73 கிரெயின் உறைக்குண்டு பொதுவாக 12 அங்குலத்தைத் தாண்டிவிடும், உதையோ பாதி. கெல்டெக் பி-32 வெறும் 187 கிராம், சட்டைப் பையில்கூடப் போடலாம், போடாதீர்கள். ஆனால் இதில் ஒரு குணக்கேடு இருக்கிறது. தோட்டாவின் அடியில் ஒரு மயிரிழை விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஸ்லைடைத் தட்டினாலும் இழுத்தாலும் வராது, மேகசினைக் கழற்றிக் குச்சி வைத்துத்தான் எடுக்க வேண்டும். நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களில் முன்பக்கம் இடைவெளி விழுவதால் இது அதிகம் நடக்கும். அதனால் .32 என்றால் முழுநீள உறைக்குண்டு மட்டும். தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது, விலையும் கூடுதல்.

மாமாவின் .32 பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் தனியார் கையில் .32 இருந்ததற்குக் காரணம் அது சிறந்தது என்பதால் இல்லை. 9 எம்எம், .38 எல்லாம் அங்கே தடைசெய்யப்பட்ட காலிபர், பொதுமக்களுக்கு உரிமம் கிடைக்காது, அரசுத் தொழிற்சாலை .32இல்தான் செய்து விற்றது. அதிலும் கான்பூர் ரிவால்வரில் போவது .32 எஸ்&டபிள்யூ லாங், நீளமாக முழு விளிம்போடு இருக்கும், நான் இங்கே பேசுகிற .32 ஏசிபி வேறு தோட்டா. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

.22ஐப் பொறுத்தவரை உங்கள் நண்பர் பாதி சரி. உதையே கிடையாது, தோட்டா மலிவு, பத்துத் தோட்டா கொள்ளும் பாக்கெட் பிஸ்டல்கள் உண்டு. சிக்கல் பற்றவைக்கும் இடத்தில். .22இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடித்தட்டின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும், பரவல் ஓரிடத்தில் விட்டுப்போய் ஊசி அங்கேயே அடித்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. நடுவில் தனி மூடி வைத்த தோட்டாக்களில் இது மிக அரிது. ரேஞ்சில் ஒரு 500 பெட்டியில் இப்படி ஒன்றிரண்டு மாட்டுவது சாதாரணம், அங்கே அலுப்பு, இருட்டில் கார் பக்கத்தில் அலுப்போடு முடியாது. இதைத் தவிர்க்கத்தான் பிரவுனிங் 1905 வாக்கில் .25 ஏசிபியைக் கொண்டுவந்தார், பலம் .22 அளவுதான், பற்றுவது உறுதி. இன்று .25 வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, தாத்தா விட்டுப்போனது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஸ்மித் அண்ட் வெசன் 642 மாதிரி சுத்தியல் உள்ளே மறைந்த .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா, 410 கிராம் பக்கம். பாக்கெட்டிலிருந்து எதிலும் மாட்டாமல் வரும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை (ட்ரிகரை) இழுத்தால் அடுத்தது வரும். ஆனால் நடுவில் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும், விசை 5, 6 கிலோ இழுவை, சக்திவாய்ந்த தோட்டா போட்டால் உள்ளங்கை எரியும். 148 கிரெயின் வாட்கட்டர் என்று தட்டையான மூக்கோடு ஒரு பழைய டார்கெட் தோட்டா இருக்கிறது, மெதுவாகப் போகும், விரியாது, ஆழம் நன்றாகப் போகும், உதை பாதி. நான் குளிர்காலக் கோட்டுக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். பழகுவதற்குப் பிஸ்டலைவிட அதிக நாள் பிடிக்கும், அந்தப் பொறுமை இருந்தால் பாருங்கள்.

.380 என்று முடிவு செய்தால் எப்படிப்பட்ட .380 என்பதில் கவனம் வேண்டும். வால்தர் பிபிகே போன்ற பழைய வகைகளில் குழல் அசையாது, ஸ்லைடின் எடையும் வலுவான ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்கி நிறுத்தும். அதனால் ஸ்லைடை இழுக்க விரல் வலிக்கும், துப்பாக்கி கனமாக இருந்தும் உதை சுரீர் என்று இருக்கும். புதிய வகைகளில் குழலும் ஸ்லைடும் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் போய் அப்புறம் பிரியும், ஸ்பிரிங் லேசாக இருந்தால் போதும். எல்சிபி மேக்ஸ், ஸ்மித்தின் பாடிகார்ட் 2.0 இரண்டும் இந்த வகை, இரண்டும் 300 கிராம் ஒட்டி, மேகசினில் பத்துத் தோட்டா. பழைய ஆறு தோட்டா மாடலைவிட இவற்றில் பார்வைக்குறிகளும் பெரிது, இருட்டில் தெரியும். கிளாக் 42 கொஞ்சம் பெரிது, 390 கிராம், சுடுவதற்கு இவை எல்லாவற்றையும்விட மென்மை, உங்கள் பேன்ட் தாங்குமா என்று போட்டுப் பாருங்கள்.

காலிபரைவிட முக்கியம் பாக்கெட் உறை. விசையை முழுக்க மூடுகிற, துப்பாக்கியை நிமிர்த்தியே வைத்திருக்கிற, எடுக்கும்போது பாக்கெட்டிலேயே தங்கிவிடுகிற உறை இல்லாமல் ஒருநாளும் பாக்கெட்டில் போடாதீர்கள். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது, சாவி வளையம் விசைக்குள் நுழைந்தால் குண்டு உங்கள் தொடைக்குத்தான். அப்புறம் தூசி. ஒருமுறை மூன்று வாரம் கவனிக்காமல் விட்டு, மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கழற்றினேன். குழல் வாயில் நீலப் பஞ்சு திரி மாதிரி சுருண்டிருந்தது, மேல் தோட்டாவின் குழிக்குள் நூலும், எப்போதோ பாக்கெட்டில் போட்ட கடலை மிட்டாயின் துகளும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தூரிகை, ஐந்து நிமிடம். வேட்டி கட்டுகிற நாளில் பாக்கெட்டே கிடையாது, அன்று அது வீட்டுப் பெட்டகத்தில். வீட்டில் 17 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் பூட்டாமல் வைத்து அவர்கள் எடுத்துவிட்டால் டெக்சாஸில் அது உங்கள் மீதான குற்றம், பெட்டகத்தையும் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்குங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், வேறு தடை இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுங்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கியோடு இருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது, மாநில உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு. உங்கள் கடைத்தெருவில் பள்ளி இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். இரண்டாவது, உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் சிக்கல் இல்லை, ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கடையில் உதவிக்கு அப்படி ஒரு பையன் இருந்தால் "கொஞ்சம் பிடி" என்று அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள், அவன் விசாவே போய்விடும்.

வாங்குவதற்கு முன் வாடகைத் துப்பாக்கி தருகிற ரேஞ்ச் ஒன்றுக்குப் போங்கள். ஒரு .380, ஒரு சின்ன 9 எம்எம், கிடைத்தால் ஒரு .32, ஒவ்வொன்றிலும் ஐம்பது. முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கடைசிப் பத்து காகிதத்தில் எங்கே விழுந்தது என்று பாருங்கள், கை களைத்தபிறகு வருவதுதான் உங்கள் உண்மையான குறி. வாங்கியபிறகு, பாக்கெட்டில் போடப்போகிற அதே தோட்டாவைக் குறைந்தது ஐம்பது முறை சிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். வாடகைத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் அந்த ரேஞ்சிலேயே தோட்டா வாங்கச் சொல்வார்கள், வெளியைவிட விலை அதிகம், .380இல் அது நன்றாகவே உறைக்கும், பணத்தைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துப் போங்கள்.